வில்லனைப் பார்த்துச் சிரித்த பிள்ளை

ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில் நடந்த விஷயம் இது. எனக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்து, மூத்தவன் பிறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பொன்னேரியில் ஒரு நெல் மண்டியில் வேலை பார்த்தார். மண்டி முதலாளி பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். சொந்த ஊரில் அவருக்குப் படகுகளும் இருந்தன.

மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி ஏரிக்கரையில் படம் எடுக்க வருவதாகவும், முதலாளியின் படகுகளைக் கேட்டிருப்பதாகவும் ஒருநாள் இவர் வந்து சொன்னார். படகுக்குச் சேதம் வராமல் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இவரைத்தான் அனுப்புகிறார்களாம். நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சினிமா என்றால் எனக்கு உயிர். கொட்டாயில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்க்கிற அந்த உலகத்தை எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் எதற்கு என்றார். கடைசியில் சரி என்றார்.

காலையில் முதலாளி வீட்டில் நாஷ்டா கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனோம். போன கொஞ்ச நேரத்திலேயே எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஜிகினாவும் இல்லை, பாட்டும் இல்லை. மூன்று கால் வைத்த ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஆட்கள் வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். வெள்ளித் தகடு ஒட்டிய பெரிய பலகைகளைச் சிலர் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வெயிலை அதில் வாங்கி, வேண்டிய இடத்தில் திருப்பி அடிப்பதற்காம்.

சவுண்டுக்காரர் என்று ஒருவர். அவர் ஒரு மைக்கைப் படகின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். படகின் பலகையில் தண்ணீர் வந்து 'தளுக், தளுக்' என்று மோதுகிற சத்தத்தைப் பிடிக்கிறாராம். யாராவது பேசினால் கையை ஆட்டி அடக்கினார். அது முடிந்ததும், கரையில் காய்ந்து கிடந்த கிளிஞ்சல்களின் மேல் ஒரு ஆளைச் செருப்புக் காலோடு நடக்கவிட்டு, அதையும் பிடித்தார். அந்த ஆளும் போகிறான், வருகிறான், போகிறான், வருகிறான்.

"தண்ணி சத்தத்தக் கேக்கறதுக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்துகீறாங்க?" என்று இவரிடம் கேட்டேன். அவர் என்னை முறைத்தார்.

அதைவிட வேடிக்கை ஒன்று. அன்றைக்கு எடுக்கப்போவது ராத்திரிக் காட்சி என்றார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏரி முழுக்கப் பளபளக்கிறது, தூரத்தில் பூநாரைகள் நிற்பதுகூடத் தெரிகிறது. இதில் ஏது ராத்திரி? உதவி டைரக்டரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் போட்டால் வானம் கறுத்துவிடும், திரையில் பார்க்கும்போது இந்த வெயில்தான் நிலா வெளிச்சம் என்றார். பட்டிக்காட்டுப் பெண் என்று என்னை ஏய்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வில்லன் நடிகர் காரிலிருந்து இறங்கினதும் கூட்டம் தானாகப் பின்வாங்கியது. அவரைத் தெரியாதவர்கள் யார்? எத்தனை படத்தில் எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கிறார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவர் யாரையும் பார்க்காமல் தென்னை நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். நெடுநெடுவென்ற உயரம், ஒட்டுமீசை, கறுப்புச் சால்வை. பகலிலேயே பயமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு எடுக்க வேண்டியது இதுதான்: ஒரு ஜமீன் குழந்தையை அதன் தாய் கூடையில் வைத்துப் படகில் மறைத்துவிட்டு உதவி தேடி ஓடியிருக்கிறாள். சொத்துக்காகக் குழந்தையைத் தீர்த்துக்கட்ட வந்த சித்தப்பா அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். இந்தச் சித்தப்பாதான் அவர். ஆனால் மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த குழந்தைக்கு முந்தின நாளிலிருந்தே நல்ல ஜுரம். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதவி டைரக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் இடுப்பில் இருந்த பிள்ளைமேல் வந்து நின்றது.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் பிள்ளை சினிமாவில் வரப்போகிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தண்ணீருக்குள் விடமாட்டோம், படகு பாதிக்கு மேல் மணலில்தான் நிற்கும், நீ பக்கத்திலேயே நிற்கலாம் என்றெல்லாம் சொன்னதால் கொடுத்தேன். பட்டுத்துணி விரித்த கூடையில் அவனைப் படுக்கவைத்தார்கள்.

வில்லன் மெதுவாக வந்து, கண்ணை உருட்டிக்கொண்டு கூடைக்குள் குனிந்தார். குழந்தை வீறிட்டு அழ வேண்டும். என் பிள்ளை அவரைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். காலை உதைத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் சிரிப்புத்தான். இந்த முறை கையை நீட்டி மீசையைப் பிடித்து இழுத்துவிட்டான். பாதி மீசை அவன் கையோடு வந்துவிட்டது. மேக்கப்காரர் கோந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

டைரக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போனால் அவ்வளவு பேரும் மறுநாள் திரும்ப வர வேண்டும், வில்லனுக்கோ மறுநாள் வேறு ஊரில் வேலை. தகர டின்னைத் தட்டிப் பார்த்தார்கள். குழந்தை திடுக்கிட்டு, சத்தம் வந்த பக்கம் பார்த்துவிட்டு, அதுவும் தனக்காகச் செய்கிற வேடிக்கை என்று சிரித்தான். டைரக்டரும் உதவி டைரக்டரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசினார்கள். பிறகு உதவி டைரக்டர் கூடையின் மறுபக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணிக்குள் கையை விட்டார்.

எனக்கு அந்தக் கை எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. கேமரா, கம்பிகள், ஆட்கள், எதுவும் கண்ணில் படவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

"இன்னா பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. லேசா ஒரு கிள்ளு. அயுதான்னா எடுத்துடுவோம். வலிக்கவே வலிக்காது."

"வலிக்கலன்னா அவன் எதுக்கு அயுவான்?"

டைரக்டர் அங்கிருந்தே கத்தினார். யார் இந்தப் பொம்பளையை உள்ளே விட்டது என்றார், வெளிச்சம் போகிறது என்றார். என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய் ஓடிவந்தார். காதோரமாகச் சொன்னார்: "மொதலாளி பேர்ல வந்துகீறோம். எல்லாரும் பாத்துக்கினுகீறாங்க. ஒரு கிள்ளுதான, உட்ரு."

"நீங்க வேணா அந்தக் கூடையில போய்ப் படுத்துக்கினு கிள்ளச் சொல்லுங்க. என் புள்ளய உடமாட்டேன்."

அவ்வளவு பெரிய ஆட்களுக்கு நடுவில் அப்படிப் பேசியது நான்தானா என்று இப்போதுகூட எனக்கு ஆச்சரியம். முதலாளி காதுக்குப் போனால் இவர் வேலை என்னாகும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது வில்லன் எழுந்து வந்தார். என்னைத்தான் அதட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் டைரக்டரைப் பார்த்துத்தான் பேசினார். நாடகத்தில் பழகிய குரல், உரக்கப் பேசாமலே கரை முழுக்கக் கேட்டது.

"அந்தத் தங்கச்சி சொல்றது சரி. எனக்கும் வீட்டுல நாலு இருக்கு. என் படம் ஓட ஆரம்பிச்சதுலேருந்து தெருவுல ஒரு குழந்தை என்கிட்ட வர்றதில்ல. என் பிள்ளைங்களோட விளையாடக்கூட வர்றதில்ல. இத்தனை வருஷத்துல, இந்த வேஷத்தோட என்னைப் பார்த்துச் சிரிச்சவன் இவன் ஒருத்தன்தான். இவனைக் கிள்ளி அழவெச்சு நான் நடிக்கணுமா?"

அப்படியானால் காட்சிக்கு என்ன செய்வது என்று டைரக்டர் எரிச்சலோடு கேட்டார். குழந்தை பயந்தால்தானே காட்சி.

"பயப்பட வேண்டியது குழந்தை இல்லீங்க. கொட்டாயில உக்காந்து பார்க்கிறவங்க. இவன் சிரிக்கட்டுமே."

கேமராமேன் எதையோ யோசித்தவராகக் கேமராவை அந்த மூன்று காலிலிருந்து கழற்றச் சொன்னார். படகின் பக்கத்தில் மணலில் குப்புறப் படுத்து, கூடையின் மட்டத்துக்கு அதை வைத்துப் பார்த்தார். வில்லனைச் சூரியன் இருக்கிற பக்கத்திலிருந்து நடந்து வரச் சொன்னார். சாயங்கால வெயிலில் அவர் நிழல் அவருக்கு முன்னால் நீளமாக ஓடிவந்து படகின்மேல் ஏறியது. கேமராமேன் படுத்தபடியே டைரக்டரைக் கூப்பிட்டு அதில் பார்க்கச் சொன்னார். டைரக்டர் வேட்டியை மடித்துக்கொண்டு அவரும் மணலில் படுத்தார். எழுந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. எல்லாரையும் அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத்தான் யாரை நம்புவது என்று தெரியவில்லை. வில்லன் என்னிடம் கையை நீட்டினார். "நான் பக்கத்துல இருக்கேன், தங்கச்சி. ஒருத்தன் கை படாது" என்றார். கொடுத்தேன். அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் படாமல் தன் கறுப்புச் சால்வையால் மூடி, வாயால் ஏதோ கிளி மாதிரிச் சத்தம் கொடுத்துக்கொண்டே கூடை வரைக்கும் நடந்தார். கரையில் நின்ற ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

பிறகு நடந்தது ரொம்பச் சாதாரணம். வெள்ளித் தகட்டுப் பலகைக்காரர் இருவர் குழந்தையின் முகத்தில் மெல்லிசாக வெளிச்சத்தை அடித்தார்கள். கூடை ஓரத்தில் ஆடுகிற வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்து இவன் சிரித்தான். வில்லன் நடந்து வந்தார். அவர் நிழல் குழந்தைமேல் ஏற ஏற, பலகைகளை மெதுவாகத் திருப்பிக்கொண்டார்கள். முகத்தில் வெளிச்சம் அணைந்தது. விளையாட்டுச் சாமான் போய்விட்ட மாதிரி இவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாய் பாதி திறந்தபடி, கண்ணை அகல விரித்து மேலே பார்த்தான். டைரக்டர் கையைத் தட்டினார். முடிந்தது.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். எனக்கு ஒரு துளி பயம் வரவில்லை. இதற்கா இவ்வளவு பாடு என்றுதான் தோன்றியது.

கிளம்பும்போது குழந்தை அவர் தோளிலேயே தூங்கிப்போயிருந்தான். தூக்கம் கலையாமல் என் கைக்கு மாற்றிக் கொடுத்தார். "படம் வந்தா நீ பார்க்காத, தங்கச்சி. என்னைத் திட்டுவ" என்றார்.

"நான் எதுக்கு அண்ணே திட்டப்போறன்? எல்லாத்தையும்தான் கண்ணால பாத்தனே."

அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறு வருஷம் அந்தப் படம் பொன்னேரி டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. தெருவில் இருந்த பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் படம் எடுக்கும் வித்தையை நான்தான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டு போனேன். வெயில்தான் நிலா, பயப்படாதீர்கள் என்றேன். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். நடுவில் இடுப்பளவு தட்டி. படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டான்.

அந்தக் காட்சி வந்தது. இது எந்த ஊர் என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. கருகருவென்று வானம், ஏரி முழுக்க நிலா. அதுவரை பின்னால் முழங்கிக்கொண்டிருந்த சங்கீதம் சட்டென்று நின்றது. படகுப் பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும். தளுக். தளுக். அன்றைக்குக் கரையில் ஜன இரைச்சலுக்கும் காக்கைச் சத்தத்துக்கும் நடுவில் எனக்குக் கேட்கவே கேட்காத சத்தம் அது. அப்புறம் கிளிஞ்சல் நொறுங்கியது. ஆளைக் காட்டவில்லை. ஒரு அடி. நிற்கிறது. இன்னொரு அடி.

என் பிள்ளையின் முகம் திரை முழுக்க வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ, சிரிக்குதே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுகிற குழந்தைக்காவது ஏதோ ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. சிரிக்கிற குழந்தைக்கு ஒன்றுமே தெரியவில்லையே. கிளிஞ்சல் சத்தம் பக்கத்தில் வந்தது. நெற்றியில் இருட்டு விழுந்தது. அது மெதுவாக இறங்கிக் கண்ணை மூடியது, வாய்க்கு வந்தது. சிரிப்பு நின்றது.

நான் எழுந்துவிட்டேன். "டேய் பாவி, என் புள்ளய உட்றா" என்று கத்திவிட்டேன். மடியில் கிடந்தவனை எப்போது தூக்கினேன், எப்போது இறுக்கினேன், எதுவும் நினைவில்லை. அவன் தூக்கம் கலைந்து, ஏரிக்கரையில் அவ்வளவு பேர் கேட்டும் கொடுக்காத அழுகையைக் கொட்டாயே அதிர அழுதான். பெண்கள் பக்கம் பாதிப் பேர் அழுகிறார்கள், மீதிப் பேர் வில்லனைச் சபிக்கிறார்கள். என் குரலை அடையாளம் கண்டுகொண்டு என் வீட்டுக்காரர் தட்டி ஓரத்துக்கு வந்தார்.

"அவன் ஒன் கையிலதான் கீறான். உக்காரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். ஆமாம், என் கையில்தான் இருந்தான். அப்படியும் திரையில் இருந்த பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. திரையில் ஜமீன் வேலைக்காரன் ஒருவன் ஓடிவந்து காப்பாற்றின பிறகுதான் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் பக்கத்து வீட்டுக்காரி அந்த நடிகருக்கு நல்ல சாவே வராது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவர் தங்கமான மனிதர், என் பிள்ளையைச் சால்வையால் மூடித் தோளில் தூங்கவைத்தார் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான நீயே பாவின்னு கத்தின?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் அன்றைக்கே சொன்னாரே.

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த எனக்கே ஏன் அப்படிப் பயம் வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர்கள் பயமுறுத்துவதற்காக எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். சங்கீதத்தை எடுத்தார்கள், ஆளை எடுத்தார்கள், கடைசியில் ஒரு குழந்தையின் முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் எடுத்தார்கள். மீதியை நாங்களே எங்கள் மனசுக்குள் நிரப்பிக்கொண்டோம்.

இப்போது வீட்டில் டி.வி. இருக்கிறது. மருமகளோடு உட்கார்ந்து நானும் நாடகம் பார்க்கிறேன். யாராவது ஒரு அதிர்ச்சியான வார்த்தையைச் சொன்னால் போதும், டமடமவென்று ஏதோ இடிக்கிறது, கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் பாய்ந்து பாய்ந்து போகிறது. கொஞ்சம் அந்தச் சத்தத்தை நிறுத்தினால் இன்னும் பயமாக இருக்குமே என்பேன். மருமகள் சிரிப்பாள். கூடையில் கிடந்தவன் இன்று கும்மிடிப்பூண்டியில் ஒரு பாக்டரியில் வேலை பார்க்கிறான், மீசை வைத்திருக்கிறான். தான் சினிமாவில் நடித்த கதையை அவன் பாதிதான் நம்புகிறான். அந்தப் படத்தை அப்புறம் எங்கேயும் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த நடிகரையும் நேரில் பார்க்கவில்லை. படங்களில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மறக்காமல் பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அதன் பிறகு இன்னும் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன், குடும்பம் நடத்தினேன், எத்தனையோ இடத்தில் "வேற வழியில்ல, கொஞ்சம் நோகத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சின்னவர்களைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்கும்போதெல்லாம், வேறு வழி இருக்கும், முதலில் அந்தக் கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தேடிப் பாருங்கள் என்று சொல்கிற தைரியத்தை எனக்குக் கொடுத்தது, ஊரே பாவி என்று திட்டிய அந்த மனிதர்தான்.